இடப்பக்கம்

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அந்தப் பொல்லாத வருத்தம்" என்பார்கள். சொன்ன கையோடு, "அல்லாஹ் காப்பாத்தணும்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். தொண்ணூறுகளில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது. நான் இன்னும் இருக்கிறேன். என்னென்ன நடக்கும் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அரைவாசிப் பயம் குறைந்திருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் நஸீரா. கல்முனைக்குடியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். கணவருக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். ஒரே மகள் ரிஸ்னா, அப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண்தான் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பான். என் மூத்த சகோதரி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவள், அடுத்த வளவில் இருந்தாள்.

கட்டியைக் கண்டது குளிக்கும்போது. சவர்க்காரக் கை ஓரிடத்தில் தடக்கியது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் நகரவில்லை, நோகவும் இல்லை. நோகாததால் பரவாயில்லை என்று விட்டேன். பின்னால் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெண்கள் இதையே சொல்லக் கேட்டேன். அந்தக் கட்டி ஆரம்பத்தில் நோகாது என்பதை எங்கள் யாருக்கும் ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

நோன்பு முடியட்டும் என்று இருந்தேன். பெருநாளும் போனபின் ராத்தாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"மச்சானுக்குத் தெரியுமா?" என்று என் கணவரைப் பற்றிக் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப முதல்ல டொக்டர்கிட்டப் போவம். வா."

ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஆண் டாக்டர். ராத்தா வாசலிலேயே நின்று, "பொம்புள டொக்டர் ஒருத்தரும் இல்லியா மகன்?" என்று கேட்டாள். "இல்லம்மா. நீங்களும் உள்ளுக்கு வந்து பக்கத்துல நில்லுங்க" என்றார் அவர். அவர் தடவிப் பார்க்கும்போது நான் சுவரில் இருந்த ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்தவர் என்னை விட்டுவிட்டு ராத்தாவைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஊசியால் குத்தி, கட்டியில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்களாம். முடிவு வரும்வரை நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் காட்டினேன். முடிவு வந்தது. கொழும்புக்குப் போக வேண்டும், மார்பை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அன்றைக்குத்தான் கணவரிடம் சொன்னேன். வெள்ளாமை வெட்டு நேரம். அவர் முற்றத்தில் நின்று காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டு, "ஆர் பாத்த?" என்று கேட்டார்.

"ஆம்புள டொக்டர்தான்."

"அதக் கேக்கல்ல புள்ள. சரியாப் பாத்தாரா எண்டு கேக்கன்."

"ஓம். சரியாப் பாத்தார்."

அவர் மற்றக் காலையும் கழுவினார். ஏற்கனவே கழுவியிருந்த காலைத் திரும்பவும் கழுவினார். "போவம்," என்றார். "வயல என்ட தம்பி பாக்கட்டும். நாம போவம்."

கொழும்புப் பயணம் என்றால் அந்த நாட்களில் அது வேறு பயணம். பஸ் அம்பாறை கடந்து, காட்டையும் மலையையும் தாண்டிப் போகும். செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, கொஞ்சத் தூரம் நடந்து திரும்ப ஏற வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கே களைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் முழுக்கச் சிங்களம். எனக்கு அந்த மொழியில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுதான் தெரியும். டாக்டர் வந்து பெட்டுக்குப் பெட்டு நின்று கதைப்பார். என்னிடம் வந்ததும் கையால் காட்டுவார்: இது, இப்படி, நாளைக்கு. நான் தலையாட்டுவேன். என் உடம்பைப் பற்றிப் பெரிய விஷயங்களை முடிவுசெய்கிறார்கள், எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்பது நோயை விடக் கேவலமாக இருந்தது.

ஆண்களை வார்ட்டில் நிற்க விடமாட்டார்கள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் என் கணவர் போய்விடுவார். முதல் நாள் இவர் போனபின் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்த ஊர் நீங்க?"

எங்கள் பக்கத்துத் தமிழ். போர்வையை விலக்கினேன். நெற்றியில் திருநீறு, மொட்டைத் தலை, மெலிந்த முகம்.

"கல்முனைக்குடி," என்றேன்.

"நான் காரைதீவு," என்றாள். நான் போர்வையைத் திரும்பவும் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. காரைதீவு எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. ஆனால் அது தமிழர் ஊர், தமிழர்–முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் அங்கே போவதில்லை, அவர்கள் இங்கே வருவதில்லை. என் தம்பியை வயலில் வைத்துச் சுட்டார்கள். சுட்டவர்கள் அவளுடைய ஆட்கள். அவளுடைய புருஷனை ஆமி, இராணுவம்தான், பிடித்துக்கொண்டு போனது. காட்டிக்கொடுத்தது எங்கள் ஆட்கள் என்று அவர்கள் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். இதையெல்லாம் இரண்டாம் நாளே ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டோம். சொல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்க முடியவில்லை. அவள் கேட்டுவிட்டு, "ஆர் செஞ்சாலும் போன ஆக்கள் நம்மட ஆக்கள்தானே டீச்சர்," என்றாள். அவள் பெயர் பூமணி. எனக்கு முன்பே மார்பை எடுத்தவள், ஊசி மருந்துக்காக வந்திருந்தாள். அவளுக்குச் சிங்களம் தெரியும். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்வாள்.

என் நோய்க்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று அவளிடம் கேட்டேன். "பிளிக்கா," என்றாள்.

ஒப்பரேஷனில் ஒரு பக்க மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நோய் பரவினால் முதலில் அங்கேதான் போகுமாம். மயக்கம் தெளிந்தபோது நெஞ்சின் மேல் யாரோ கல்லை வைத்துக் கட்டிவிட்டது போல இருந்தது. காயத்தில் ஊறுகிற நீர் வடிவதற்காக ஒரு குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு போத்தலைக் கட்டியிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகும்போதும் அந்தப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வார்ட்டில் பெண்கள் எல்லோரும் தண்ணிக்குப் போகிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு போத்தலுடன் நடந்தோம். ஒருநாள் அதைப் பார்த்துப் பூமணி சிரித்தாள். நானும் சிரித்தேன். தையல் இழுத்து நொந்தது.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு நான் குனிந்து பார்க்கவில்லை. நர்ஸ் துடைத்துவிட்டுப் போனாள். "பாருங்க டீச்சர். இஞ்ச வச்சே பாத்திருங்க. ஊட்ட போய்ப் பாத்தா இன்னும் கஸ்டம்," என்றாள் பூமணி. பார்த்தேன். அக்குளில் இருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு சிவந்த கோடு. அதற்குக் கீழே வெறும் தோல், அதற்குக் கீழே விலா எலும்பு. சின்னப் பிள்ளையின் நெஞ்சு மாதிரியும் இல்லை, கிழவியின் நெஞ்சு மாதிரியும் இல்லை. எதையும் போல இல்லை. அப்போது எனக்கு வந்த நினைவு என்ன தெரியுமா? நான் மவுத்தாகிப் போனால் என் மையத்தை, இறந்த உடம்பை, குளிப்பாட்டுகிற பெண்கள் இதைப் பார்ப்பார்களே என்பதுதான்.

ஊருக்கு வந்தேன். வீடு நிறைய ஆட்கள். தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். எனக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் உட்கார்ந்ததும் ஒவ்வொருவரின் கண்ணும் என் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒருத்தி நேராகவே கேட்டாள், "எந்தப் பக்கம்?" நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டேன். ஊசி மருந்து தொடங்கி முடி கொட்டியபோதும் அந்த முக்காடு என்னைக் காப்பாற்றியது. என் தலை மொட்டை என்பது ராத்தாவுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஊசி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒளிந்திருக்கும் நோயைக் கொல்வதற்காக நரம்பு வழியாக ஏற்றுவது. அது நோயை மட்டும் பார்த்துக் கொல்லாது. முடி, வாய், வயிறு எல்லாவற்றையும் சுட்டுவிட்டுத்தான் போகும். ஏற்றி முடிந்து பஸ்ஸில் வரும்போதே வாந்தி தொடங்கும். வாயெல்லாம் புண். ராத்தா சோற்றைக் குழையவைத்து, உறைப்பில்லாத ஆணம் ஊற்றி, கரண்டியால் ஊட்டுவாள். நான் துப்புவேன். அவள் துடைத்துவிட்டுத் திரும்ப ஊட்டுவாள். "துப்பு, துப்பு. ஒரு வாய் உள்ளுக்குப் போனாப் போதும்," என்பாள். ரிஸ்னா பரீட்சைப் புத்தகத்தை என் கட்டிலில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாள். நான் தூங்கிவிட்டால் நிறுத்திவிட்டு என் மூச்சைக் கவனிப்பாள். கண்ணை மூடிக்கொண்டே நான் அதை அறிவேன்.

ஒருநாள் அறையில் படுத்திருந்தபோது, வீட்டின் முன்பக்கத்தில் கணவருடைய தமக்கை, என் மதினி, யாரிடமோ கதைப்பது கேட்டது. "பாவம் அவளும். ஆனா தம்பியும் எளந்தாரி மாதிரித்தானே இரிக்கான். எத்தின நாளைக்கி இப்புடி இரிக்கிற? மார்க்கத்துல இல்லாததா?" என்றாள்.

அவர் இன்னொரு கலியாணம் முடிப்பதைப் பற்றித்தான் கதைத்தாள். அப்படி நடந்தால் எங்கள் வழக்கப்படி அவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார். வீடு எனக்கு இருக்கும். அவர் இருக்க மாட்டார். அன்றிலிருந்து பின்னேரங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் வாசல் படலையில் வந்து நிற்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே கிடப்பேன். வந்து நின்றதும் நிம்மதியாக இருக்கும். நிம்மதியானது அவருக்குத் தெரியக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அப்போது நான் மகளின் அறைக்கு மாறிவிட்டிருந்தேன். காயம் ஆறட்டும் என்று சொல்லி மாறியது. காயம் ஆறிய பிறகும் திரும்பிப் போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்காததை நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கிக்கொண்டேன்.

சட்டைக்குள் வைப்பதற்குப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சு மேலே ஏறிவிடும், சட்டை ஒரு பக்கம் இழுபடும், தோளும் சாயும். ஊசி மருந்துக்குப் போன இடத்தில் பூமணிதான் வழி சொன்னாள். துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதற்குள் கடுகு நிரப்பி, உள்சட்டைக்குள் வைக்க வேண்டும். கடுகு பாரமாக இருக்கும், உடம்போடு சேர்ந்து அசையும். தைத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய காரியம் செய்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கடுகுப் பையோடுதான் ஊசி மருந்துக்காக ஒரு தடவை நானும் இவரும் கொழும்புக்குப் புறப்பட்டோம். காட்டுப் பக்கத்துச் செக்பொயின்ட் ஒன்றில் எல்லோரையும் இறக்கினார்கள். அதற்கு முந்தைய நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. ஆமிக்காரரின் முகங்கள் சரியில்லை. பெண்களைச் சோதிப்பதற்குச் சாக்கால் மறைத்து ஒரு கூடு கட்டியிருந்தார்கள். அதற்குள் ஆமி உடுப்போடு ஓர் இளம் பெண். என் மகளை விடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கையால் என் முதுகைத் தடவினாள், இடுப்பைத் தடவினாள், நெஞ்சுக்கு வந்தாள்.

கை நின்றது. திரும்ப அழுத்தினாள். கடுகு சரசரவென்று அசைந்தது.

அவள் பின்னால் பாய்ந்து கத்தினாள். சாக்குத் திரையை இழுத்தெறிந்துவிட்டு இரண்டு பேர் துவக்கோடு உள்ளே நுழைந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். இடக்கை முழுதாக மேலே ஏறாது, ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்படித்தான். ஏறாத கையைப் பார்த்து அவர்கள் இன்னும் சத்தம் போட்டார்கள். வெளியே ஆண்கள் வரிசையில் எல்லோரையும் முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வது தெரிந்தது. திரை போய்விட்டதால் எனக்கு அவர்களைத் தெரிந்தது. அவர்களுக்கும் என்னைத் தெரிந்தது.

"ஒப்பரேஷன்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "பிளிக்கா," என்றேன். "பிளிக்கா! பிளிக்கா!"

அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டு, திறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். துவக்கு என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் சட்டையின் பின்களைக் கழற்றினேன்.

அப்போது முழங்காலில் இருந்த ஆண்களுக்கு நடுவிலிருந்து என் கணவரின் சத்தம் கேட்டது. "எல்லாரும் அங்கால கிறுகுங்க! அந்தப் பக்கம் கிறுகுங்க!"

ஓர் ஆமிக்காரன் துவக்கின் பிடியால் அவருடைய தோளில் அடித்தான். அவர் திரும்பக் கத்தினார். சிங்களத்திலும் ஏதோ சொன்னார், அரைகுறையாக. முழங்காலில் இருந்தபடியே ஒருவர் திரும்பினார். பிறகு இன்னொருவர். பஸ்ஸில் வந்த ஆண்கள், தமிழர், சிங்களவர், எங்கள் ஆட்கள், எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். என் கணவரும் திரும்பினார்.

நான் பையை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அதைக் கத்தியால் கீறினாள். கடுகு முழுவதும் மணலில் கொட்டியது. பிறகு அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். துவக்கு வைத்திருந்த இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள். "அம்மே," என்றாள் அவள். என் சட்டையைப் பூட்டிவிட வந்தாள். நான் அவளுடைய கையைத் தள்ளிவிட்டேன். அவளுடைய இரக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நானே பூட்டிக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் புறப்பட்டது. அவருடைய தோள் வீங்கியிருந்தது. என் மனதில் ஒன்றுதான் ஓடியது. மற்றவர்கள் திரும்பியது மரியாதை. இவர் ஏன் திரும்பினார்? கட்டிய மனைவியைப் பார்க்கக்கூட இவருக்கு ஏலாமல் போய்விட்டதா?

கொழும்பில் வழமையாகத் தங்கும் அறையில் தங்கினோம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட முன்னர் அவர் கதவடியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். இனித் தாங்காது என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாரையும் கிறுகச் சொன்னீங்க. சரி. நீங்க ஏன் கிறுகின?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நீ எனக்குக் காட்டல்லியே," என்றார்.

"காட்டினாப் பாத்திருப்பீங்களா?"

"நீ மகள்ட அறைக்குப் போயிட்டாய். வெளிச்சத்துல உடுப்பு மாத்துற இல்ல. நான் வந்தாச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்காய். அவளுக்கு நான் பாக்கிற விருப்பமில்ல எண்டு இரிந்தன். நீ காட்டாதத ஆமிக்காரன் புடிச்சிக் காட்ட, அதுல நான் பாக்கவா?" கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்கு ஏலா புள்ள."

மதினி சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "அவ எனக்கிட்டயும் சொன்னா," என்றார். "என்ன சொன்னீங்க?" என்றேன். "இனி இந்தக் கதையோட வந்தா படலையத் திறக்க மாட்டன் எண்டன். அது உன்ட ஊடு, உன்ட படலை. இரிந்தாலும் சொல்லிட்டன்."

நான் கதவைப் பூட்டினேன். யன்னலைப் பூட்டவில்லை, வெளிச்சம் வேண்டும் என்று நினைத்தேன். முதலில் முக்காட்டை எடுத்தேன். மொட்டைத் தலையையும் அவர் அதுவரை பார்த்ததில்லை. பிறகு சட்டையை எடுத்தேன். அவர் பார்த்தார். கண்ணை விலக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றெல்லாம் பொய் சொல்லவில்லை. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "நல்லா வெட்டிரிக்கான்," என்றார். "வெட்டினதுக்குப் பொறகுதானே நீ இரிக்காய்." பிறகு தன் வீங்கிய தோளை எனக்குக் காட்டினார். இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் இருந்து அழுதோம். அன்றைக்கு ஊசி மருந்துக்குப் பிந்திப் போனோம். நர்ஸ் ஏசினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி ஆகவில்லை. இடக்கை வீங்கத் தொடங்கியது. நெறிக்கட்டிகளை எடுத்தால் அந்தக் கையில் நீர் தங்கும் என்றார்கள். அந்தக் கையால் வாளி தூக்கக் கூடாது, அதில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ விடக் கூடாது, சின்னக் கீறல் பட்டாலும் கவனிக்க வேண்டும். சுவரில் விரல்களை நண்டு மாதிரி நடக்கவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உயர்த்தப் பழகினேன். தொழுகையில் தக்பீர் கட்டக் கை இரண்டும் சமமாக உயர்ந்த அன்றைக்கு ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருமல் வந்தால் நெஞ்சுக்குப் பரவிவிட்டதோ என்று பயப்படுவேன். முதுகு பிடித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று பயப்படுவேன். அந்தப் பயம் இன்றைக்கும் போகவில்லை. அது வரும்போது நான் மறைப்பதில்லை. அவரிடம் வாய்விட்டுச் சொல்வேன். "வா, காட்டிட்டு வருவம்," என்பார். போய்க் காட்டிவிட்டு வருவோம். ரிஸ்னாவுக்கும் மாதம் ஒரு தடவை தன்னைத் தானே தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் வெட்கப்பட்டாள், பிறகு பழகிவிட்டாள்.

பூமணிக்கு எலும்புக்குப் போய்விட்டது. ஊசி மருந்துக்கு வருவதை நிறுத்தியபோது எனக்குச் சந்தேகம் வந்தது. இவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். காரைதீவுக்குள் நாங்கள் போனபோது தெருவில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். ஒருவரும் மறிக்கவில்லை. அவள் பாயில் கிடந்தாள். முதுகெலும்பு நொறுங்கிக்கொண்டு வந்தது, திரும்பிப் படுக்கவும் ஏலாது. "டீச்சர், இஞ்ச எப்புடி வந்த? பயமில்லியா?" என்று கேட்டாள். "மோட்டார் சைக்கிள்ளதான் வந்த," என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொண்டுபோன கஞ்சியை இரண்டு கரண்டி குடித்தாள். நோவு மருந்து முடிந்துவிட்டது, ரோட்டுப் பிரச்சினையால் வரவில்லை என்று அவளுடைய தாய் சொன்னாள். அடுத்த கிழமை நாங்கள் மருந்தோடு போனபோது தெரு முனையில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது.

என்னைப் பற்றி மெதுவாக ஊருக்குத் தெரிந்துவிட்டது. நானும் ஒளிப்பதை விட்டுவிட்டேன். ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தாய் வந்தாள். கட்டி இருக்கிறதாம். வெட்டச் சொல்லிவிட்டார்களாம். "வெட்டின இடம் எப்புடி இரிக்கும் டீச்சர்? ஒருக்காக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள். காட்டினேன். அவள் ஒரு முறைதான் பார்த்தாள். தானே என் சட்டையை இழுத்து மூடிவிட்டு, "எனக்கு ஏலா டீச்சர். இப்புடி இரிக்க ஏலா," என்று போய்விட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போய்க் கதைத்தேன், ராத்தாவும் போய்க் கதைத்தாள். அவள் எண்ணெய் வைத்தியத்துக்குப் போனாள். அடுத்த விதைப்புக்கு முன்னர் அவளை அடக்கினோம். என்னைப் பார்த்ததால்தான் பயந்தாளோ, காட்டாமல் இருந்திருந்தால் ஒப்பரேஷனுக்குப் போயிருப்பாளோ என்று பல நாள் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் இன்னொருத்தி வந்தாள். சாய்ந்தமருதுக்காரி, கைக்குழந்தையோடு வந்தாள். அவளும் அதையேதான் கேட்டாள். முன்னவள் என் சட்டையை இழுத்து மூடியது நினைவுக்கு வந்தது. பிறகு குழந்தையை ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டு, அவளை அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் திறந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடவில்லை. கையை நீட்டி, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை குளிர்ந்திருந்தது.

"நோகுதா?" என்று கேட்டாள்.

"இப்ப நோகிற இல்ல," என்றேன்.

அது முழு உண்மை இல்லை. ஆனால் அடுத்த கிழமை கொழும்பு பஸ்ஸில் அவள் ஏறினாள். ஏற்றிவிட நானும் போனேன்.